சுபைதா உம்மா சொல்லாத சொல்

12, செவ்வாய்
காலையிலிருந்து மழை. சீருடை காயவில்லை, ஈரத்தோடு வார்டுக்கு. தாதிப் பயிற்சியில் எனக்கு ஒதுக்கிய நோயாளி: சுபைதா உம்மா, கல்முனைக்குடி, 61 வயது. இதயம் பலவீனம். கால் வீக்கம், படுத்தால் மூச்சுத் திணறல். மூத்த மகள் கத்தாரில் வீட்டு வேலை. இளையவள் ஏழு மாதக் கர்ப்பிணி, அடிக்கடி வர முடியாது.

செய்ய வேண்டியவை: நாடி, பிரஷர், சிறுநீர் அளவு. வெள்ளிக்குள் இவரைக் கவனித்த அனுபவம் பற்றிக் கட்டுரை, ஆங்கிலத்தில் ஆயிரம் சொல். என் ஆங்கிலத்துக்கு ஆயிரம் சொல்!

கூடப் படிக்கும் சர்மிளா: "ஏஐக்குக் குடு கா. அஞ்சு நிமிசத்தில எழுதித் தரும்."

14, வியாழன்
சு. உம்மா காலையில் கஞ்சி இரண்டு கரண்டி. அவ்வளவுதான். மூன்று தலையணை வைத்தும் மூச்சு இழுத்தது. பின்னேரம் மூன்று மணிக்கு என் கையைப் பிடித்தார்.

"மகள், கொஞ்சம் பக்கத்தில இரிங்க. பயமா இரிக்கி."

"இந்தா வாறன் உம்மா" என்றேன். வராந்தாவில் போய் நின்று, கட்டுரை எழுதித் தரச் சொல்லி ஏஐக்கு விவரங்களைப் போனில் தட்டிக்கொண்டிருந்தேன். இருபது நிமிடம். திரும்பியபோது கட்டிலைச் சுற்றித் திரை. டாக்டரும் சிஸ்டரும் உள்ளே.

நாலு பத்துக்கு உயிர் அடங்கியது. மௌத். இன்னாலில்லாஹி.

15, வெள்ளி
அடக்கம் முடிந்ததாம். நேற்றே கட்டுரை எழுதித் தந்த ஏஐயிடம்: நோயாளி இறந்துவிட்டார், முடிவை மாற்றி எழுது. எழுதியது. கடைசி நேரத்தில் நான் அவர் கையைப் பிடித்தபடி இருந்தேனாம். "எனக்குப் பயமில்லை" என்றாராம். அழகான ஆங்கிலம். வாசித்து அழுதேன். அந்த வரிகளை அழித்திருக்கலாம். அப்படியே கொடுத்துவிட்டேன்.

19, செவ்வாய்
நல்ல வெயில். துணி காய்ந்தது. டியூட்டர் மிஸ் வகுப்பில் என் கட்டுரையைப் புகழ்ந்தார். சர்மிளா நகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மிஸ் தனியாகக் கூப்பிட்டு: "சுபைதா உம்மாட மூத்த மகள் கத்தார்ல இருந்து வந்திரிக்கா. கடைசியா மையித்து முகமும் பாக்கக் கிடைக்கல்ல. உம்மா பயப்படாமத்தான் போனாங்க எண்டு சொன்னன். அழுதிட்டா. உங்களப் பாக்கணுமாம்."



20, புதன்
மிஸ்ஸிடம் சொல்லிவிட்டேன். முழுவதும். கட்டுரையை மடித்து என் கையில் தந்தார். திட்டவில்லை. "வேற கட்டுரை எழுதலாம். கத்தார்ல இருந்து வந்த அந்தப் புள்ளைக்கு நான் இனி என்ன சொல்ற?"

நான்தான் சொல்ல வேண்டும்.

21, வியாழன்
ரிஹானா ராத்தா, மூத்த மகள். உம்மாவின் அதே மூக்கு. வார்டு வாசல் மர வாங்கில் உட்கார்ந்திருந்தோம். எனக்கென்று ஒரு பை ஈத்தம்பழம் கொண்டு வந்திருந்தார்.

"நீங்கதானே உம்மாட கையப் பிடிச்சிக்கி இருந்த?"

"இல்ல ராத்தா." நடந்ததைச் சொன்னேன்.

"பயமா இரிக்கி எண்டா சொன்னாவு?"

"ஓம்."

"என்னத் தேடிக் கேட்டாவா?"

"தெரியா ராத்தா. நான் பக்கத்தில நிக்கல்ல."

மாப்புக் கேட்டேன். ராத்தா எழும்பினார்.

"உம்மா பயப்படல்ல எண்டு தங்கச்சிக்குச் சொல்லிட்டன். அதக் கேட்டுத்தான் அவள் ரெண்டு வாய் திண்டாள். வயித்தில புள்ள. இனி மாத்திச் சொல்லேலா. நாளைக்கு வீட்டுக்கு வாங்க. அவள் ஒங்கள்ட்டக் கேப்பாள். அதையே சொல்லுங்க."

ஓம் என்றேன்.