வடை கொடுத்து அனுப்பிய உதவி

கிள்ளான்
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் மாதவிக்கு அம்மா எழுதுவது. முருகன் புண்ணியத்தில் நானும் அப்பாவும் இங்கே சுகம், டப்ளின் குளிரில் உனக்கும் அவன் துணை இருக்கட்டும். அப்பாவுக்கு இனிப்பு நீர் வியாதி கொஞ்சம் குறைந்திருக்கிறது, ஆனாலும் பிரிக்பீல்ட்ஸ் பக்கம் போனால் சீனி தூவிய இடியாப்பம் சாப்பிடாமல் திரும்புவதில்லை, நான் சொல்லி எங்கே கேட்கிறார். போனில் பேசினால் பாதியை விட்டுவிடுவேன் என்றுதான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

போன செமஸ்டர் என் புள்ளியியல் பாடத்தில் பாதி வகுப்பு பெயிலானது உனக்குத் தெரியும். இந்த முறையும் அப்படியானால் பாடத்தை வேறு ஒருவரிடம் கொடுத்துவிடுவதாகத் துறைத் தலைவர் சொல்லிவிட்டார். நீயும் "போதும்மா, வேலைய விட்டுட்டு எங்கிட்ட வந்துருங்க" என்றாய், எனக்கும் விட்டுவிடலாம் என்றுதான் இருந்தது. கடைசியாக ஒன்று பார்ப்போம் என்று பல்கலைக்கழகத்தின் கற்பித்தல் உதவிப் பிரிவுக்குப் போனேன். கணினியையும் போனையும் வைத்துப் பாடத்தை எப்படிப் புரிய வைக்கலாம் என்று விரிவுரையாளர்களுக்கு உதவுவதுதான் அவர்கள் வேலை. வகுப்பைப் பார்க்க ஷாமினி என்ற பெண்ணை அனுப்புவதாகச் சொன்னார்கள். உன் அம்மா என்ன செய்தாள் தெரியுமா. நான் படித்த தமிழ்ப்பள்ளிக்குக் கல்வி இலாகா அதிகாரி வருகிறார் என்றால் முதல் நாளே கேள்வியையும் பதிலையும் சொல்லிக் கொடுத்து, யார் கை தூக்குவது என்பதையும் முடிவு செய்துவிடுவார்கள். அந்தப் பழக்கம் எங்கே போகும். மாணவர்களோடு ஒத்திகை பார்த்தேன், பட்டுச் சேலை கட்டினேன், ஷாமினிக்கு உளுந்து வடை சுட்டு எடுத்துப் போனேன். வகுப்பு கல்யாண வீடு மாதிரி நடந்தது. அந்தப் பெண் வடையைச் சாப்பிட்டுவிட்டு "ஆன்டி, ஒங்க கிளாஸ் நல்லாதான் லா இருக்கு, எங்க ஹெல்ப்பே தேவயில்ல" என்று சொல்லிப் போய்விட்டாள். அப்பா இதைக் கேட்டு "டாக்டர் வர்ற நேரத்துல மட்டும் எழுந்து ஓடுற நோயாளி நீதான்" என்றார். கோபம் வந்தது, ஆனால் அவர் சொன்னதில் தப்பில்லை.

அடுத்த சோதனையில் மாணவர்கள் மறுபடியும் சறுக்கினார்கள். வெட்கத்தை விட்டு ஷாமினியிடம் நடந்ததைச் சொல்லி, "எப்ப வர்றேன்னு சொல்லாம வாம்மா" என்று கேட்டுக்கொண்டேன். ஒரு மழை நாளில் ஷா ஆலம் வளாகத்துக்குப் போகும் வழியெல்லாம் நெரிசல், அரக்கப்பரக்க வகுப்புக்குள் நுழைந்தால் அவள் பின்வரிசையில் உட்கார்ந்திருக்கிறாள். எப்போதும் போல நடத்தினேன், எப்போதும் போல "ஓக்கேவா" என்று கேட்டேன், எல்லாரும் "ஓக்கே மேடம்" என்றார்கள். ஷாமினி முன்னால் வந்து, பெயர் தெரியாமல் போனிலிருந்து பதில் அனுப்பும் ஒரு வழியைக் காட்டி, அதே கேள்வியை அதில் கேட்கச் சொன்னாள். திரையைப் பார்த்தால் ஏறக்குறைய முழு வகுப்பும் புரியவில்லை என்று அழுத்தியிருக்கிறது. என் முகம் வாடிவிடும் என்று இத்தனை நாளும் தலையாட்டியிருக்கிறார்கள். இப்போது கொஞ்ச நேரத்துக்கு ஒருமுறை போனில் கேட்கிறேன், புரியாத இடத்தில் நின்று மறுபடி நடத்துகிறேன். பாடம் மெதுவாகத்தான் நகர்கிறது, சில சமயம் தப்பான பொத்தானை அழுத்திவிட்டு முழிக்கிறேன். ஆனாலும் போன வாரச் சோதனையில் நிறையப் பேர் கரையேறிவிட்டார்கள். ரவாங்கிலிருந்து ரயிலில் வரும் ஒரு பெண் எல்லார் முன்னாலும் கையைத் தூக்கி, இந்த இடம் புரியவில்லை என்று கேட்டாள். அன்று முழுக்க எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

அதனால் வேலையை விடுவதாக இல்லை. இறுதித் தேர்வு இன்னும் இருக்கிறது, நம்பிக்கையும் இருக்கிறது. டிசம்பரில் உன்னைப் பார்க்க வருவேன், பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவேன். நேரத்துக்குச் சாப்பிடு, தலைக்குக் குளித்தால் ஈரத்தோடு வெளியே போகாதே. எல்லா நலமும் பெற்று நீ நன்றாக வாழ வேண்டும். ஒன்று மட்டும் மறக்காதே. ஒவ்வொரு முறையும் நான் கேட்டு முடிப்பதற்குள் "நல்லா இருக்கேம்மா" என்று சொல்லிவிடுகிறாய், நானும் நம்பிவிட்டு அடுத்த பேச்சுக்குப் போய்விடுகிறேன். இனிமேல் என் முகம் வாடினாலும் பரவாயில்லை, உள்ளதைச் சொல்லம்மா.

ஆசியுடன்,
உன் அம்மா
உஷாராணி