செத்துப் போச்சு என்று சொன்ன நந்தியாவட்டை

ஜூன் 8, ஞாயிறு
காலையிலேயே கொளுத்துகிறது. சர்ச்சில் பூசை முடிந்து நேரே ஸ்ரீரங்கம். நண்பன் ரகுவின் வீடு, ஒரு வருடமாகப் பூட்டிக் கிடக்கிறது. அடுத்த மாதம் இடிக்கிறான். "கொல்லையில இருக்கறதை எல்லாம் எடுத்துக்கடா" என்றான். குப்பைக்கு நடுவில் ஆள் உயர நந்தியாவட்டை. அடிமரம் மணிக்கட்டுக் கனம். போன்சாய்க்கு வேறென்ன வேண்டும். அடியில் ஒரு சாண் விட்டு வெட்டினேன். கையெல்லாம் பால். மொட்டுகளும் போயின, நிறைய. தோண்ட இரண்டு மணி நேரம், இடுப்பு விட்டுப்போயிற்று.

இந்த வெயிலிலும் மண் ஈரம். ஏனென்று யோசிக்கவில்லை.

ஜூன் 10
போன்சாய் குழுவில் படம் போட்டேன். "குப்பையிலிருந்து மீட்டது." ஒரே கைதட்டல்.
வாங்க: ஆற்று மணல், செங்கல் தூள், அலுமினியக் கம்பி, மனைவி ஸ்டெல்லாவுக்கு மாத்திரை.

ஜூன் 15, ஞாயிறு
கடப்பாரையை அங்கேயே விட்டிருந்தேன். எடுக்கப் போனால் மதிலுக்கு அந்தப் பக்கம் வேதவல்லி மாமி. ரகுவின் பக்கத்து வீடு. கையில் காலிப் பூக்கூடை.

"செடியை நீங்களா எடுத்தேள்? தினம் மதில் மேலேருந்து அரிசி களைஞ்ச ஜலம் விடுவேன். கார்த்தால எங்காத்துப் பெருமாளுக்கு அதோட பூதான். எங்க வெச்சிருக்கேள்?"

திருப்பிக் கேட்டுவிடுவாரோ என்று பயம். குழுவில் வேறு பீற்றிக்கொண்டாயிற்று.

"செத்துப் போச்சுங்க மாமி."

அவர் காலிக் கூடையோடு உள்ளே போனார். தில்லை நகரில் எங்கள் வீட்டுக்கு வந்து மாடி ஏறினேன். வெட்டிய மரத்தில் மூன்று இடத்தில் பச்சைத் துளிர்.

ஜூலை 5, சனி
சர்ச்சில் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம். கோபம், சோம்பல், அம்மாவுக்குப் போன் பண்ணாதது. மாமியிடம் சொன்ன பொய்யைச் சொல்லவில்லை. செடி விஷயத்தைப் போய்ச் சாமியாரிடம் சொல்வார்களா என்று ஒரு சாக்கு. என்னை நினைத்தால் எனக்கே அசிங்கம்.

ஜூலை 27, ஞாயிறு
கிளைகளுக்குக் கம்பி சுற்றினேன். முதல் மொட்டு. இப்போது பூக்க விட்டால் செடிக்குப் பலம் போகும், கிள்ள வேண்டும். கிள்ளினேன். மாமியின் காலிக் கூடை நினைவுக்கு வந்தது. ஸ்டெல்லாவிடம் சொல்லிவிட்டேன்.

"ஒரு செடிக்காகவா அந்தம்மாகிட்ட பொய் சொன்னீங்க? கொண்டுபோய்க் குடுத்துட்டு வாங்க."

இன்று வேண்டாம். மண் இறுகட்டும்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு
காவிரியில் தண்ணீர் நிறைய. கட்டைப் பையில் தொட்டி, ஸ்கூட்டரில் முன்னால். மாமி நாற்காலி போட்டார், காபி கொடுத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தார். குடித்து முடித்து டம்ளரைக் கீழே வைத்தேன்.

"மாமி, அந்த நந்தியாவட்டை..."

"நீங்க சொன்ன அன்னிக்கே ஸ்நானம் பண்ணிட்டேன் சார். மனுஷா போனா பண்றோமே, அது மாதிரி. இருபது வருஷம் பெருமாளுக்குப் பூ கொடுத்தவளாச்சே."

பையைத் திறந்தேன். ஒரு சாண் மரம், உடம்பெல்லாம் கம்பி. மாமி குனிந்து பார்த்தார்.

"உயிரோட இருக்கறவளுக்கா ஸ்நானம் பண்ணினேன்? இனிமே எந்த மூஞ்சியோட இவகிட்ட பூ கேப்பேன்?"

தொட்டியை அவர் பக்கம் நகர்த்தினேன். மடியிலிருந்த கையை அவர் எடுக்கவில்லை.