ரோஜா நிறம் பூத்த கல்

1979, ஆடி வெள்ளி, இரவு

இதை எழுதுவதே கோபத்தில்தான்.

கல்லூரியில் பிள்ளைகளுக்குக் காட்டுவதற்காக நான் வைத்திருந்த கல் அது. எங்கள் ஊர் ஆசிரமத்துக்கு வந்த ஜெர்மன்காரர் ஒருவர் தன் ஊர்ச் சுரங்கத்துக் கல்லென்று கொடுத்தது. கருத்த கல்லுக்குள் வெள்ளி, வேர் மாதிரி கிளைவிட்டிருக்கும். வெள்ளியைச் சுற்றியிருக்கிற அந்தக் கருப்பு, கோபால்ட்டோடு சேர்ந்த பாஷாணம், அதாவது ஆர்சனிக். ஈரக்காற்று பட்டுப்பட்டு அதன்மேல் ரோஜா நிறப் பொடி பூத்திருந்தது; அதுவும் விஷம்தான்.

அண்ணி அதை என் அலமாரியிலிருந்து எடுத்துப் பூஜையில் வைத்துவிட்டாள். பாலபிஷேகம் செய்து, அந்தப் பாலைத் தீர்த்தமென்று தானும் குடித்து, எதிர்வீட்டுப் பெண்ணுக்கும் அவள் குழந்தைக்கும் கொடுத்திருக்கிறாள்.

“தானா குங்குமம் பூத்திருந்துது தம்பி. அம்மன்னு நெனச்சிட்டேன்” என்றாள்.

அவளையாவது மன்னிக்கலாம். அண்ணனை முடியாது. மூன்று பேரையும் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகலாம் என்றேன். வாசலை மறித்துக்கொண்டு நின்றான்.

“ஒரு முழுங்கு பாலுல என்னாடா ஆவும்? ஆடி வெள்ளி தீர்த்தத்த வெஷம்னு சொன்னா தெருவே காறித் துப்பும். கம்முனு கெட.”

நானும் வாயை மூடிக்கொண்டு வந்து உட்கார்ந்திருக்கிறேன். கல் எதிரே மேஜைமேல் இருக்கிறது. கழுவித் துடைத்த மாதிரி கருப்பாக மின்னுகிறது. ரோஜா நிறம் துளிகூட இல்லை. அது எங்கே போயிற்று என்று அண்ணன் சொல்லட்டும்.

எதிர்வீட்டில் இந்நேரத்துக்கு ஏன் விளக்கைப் போடுகிறார்கள்? குழந்தை அழுகிறது. நான் போகிறேன். இப்போது வந்து மறிக்கட்டும், பார்க்கிறேன்.