மேட்டு முனிமேல் போட்ட பழி

அன்பு மகன் சிவபிரகாசுக்கு அப்பா அய்யனார் எழுதுவது. இங்கே நான், உன் அம்மா, பசுமாடு, உன்னைக் கண்டால் மட்டும் முட்ட வரும் கிடா எல்லோரும் சுகம். உன் சுகத்தைப் பற்றித்தான் இந்தக் கடிதம். போனில் இந்தப் பேச்சை எடுத்தாலே சிக்னல் இல்லப்பா என்று வைத்துவிடுகிறாய், காகிதத்துக்கு அந்த வசதி கிடையாது, வாசித்துத்தான் ஆகணும் அப்பு.

போன ஆடியில் உன் சித்தப்பா ராமர் செத்தபோது மதுரையில் அறுத்துப் பார்த்த டாக்டர், நெஞ்சுத் தசை தடித்திருக்கு, இது வம்சத்தில் வருவது, கூடப்பிறந்தவரும் சோதிக்க ரத்தம் கொடுங்கள் என்றாரல்லவா, முடிவு வந்துவிட்டது. எனக்கும் இருக்கிறது. பயப்படாதே, எருமைக்கடா மாதிரிதான் இருக்கிறேன். ஸ்கேனில் தசை இன்னும் தடிக்கவில்லை. சுருங்குவது நன்றாய்ச் சுருங்குகிறதாம், தளரத்தான் செத்த நேரம் பிடிக்கிறதாம். அதுக்கு உன் அம்மா, இவுக வம்சத்துக்கே மூடுன கை லேசுல தொறக்காது டாக்டரய்யா என்று சொல்லி அவரையே சிரிக்க வைத்துவிட்டாள். வருசம் ஒருமுறை பார்க்கணும், மூட்டை தூக்கக்கூடாது என்றார். பிள்ளைக்கு வந்தாலும் வரும், வராமலும் போகும், பாதிக்குப் பாதி என்றார். அப்போது நான் சிரிக்கவில்லை.

என் அப்பா நெல் மூட்டையோடு மேட்டுப் புளியமரத்தடியில் விழுந்தார். ராமர் கத்தரிக்காய் மூட்டையோடு அதே இடத்தில். அந்த மரத்து முனி அடித்தது என்று வருசா வருசம் கிடா வெட்டினோம். தோட்டத்திலிருந்து சுமையோடு ஏறினால் மூச்சு முட்டுகிற இடமே அதுதான் என்று ஒருத்தருக்கும் தோணவில்லை. பாவம் அந்த முனி, இம்புட்டு வருசம் கெட்ட பேர். முன்னெல்லாம் மரத்தைத் தாண்டினால் பயம் அங்கேயே நின்றுகொள்ளும். இப்போது கூடவே வீட்டுக்கு வருகிறது, சோறு தின்னும்போது எதிரே உட்காருகிறது, உன் முகத்தோடு.

நீ சிங்கப்பூர்க் கப்பல் பட்டறையில் இரும்பு தூக்குகிறாய். படியேறினால் நெஞ்சு படபடங்குது, அப்பாகிட்ட சொல்லாத என்று அம்மாவிடம் சொன்னாயாம், அவள் வாயில் எது தங்கியது. டெஸ்ட் எடுத்தால் வேலை போய்விடும் என்று உனக்குப் பயம். போனால் போகட்டும்ப்பா, இங்கே வந்து கிடாவிடம் முட்டு வாங்கு. முனிக்கு நேர்ந்த கிடா அது. இனி அவரிடம் என்ன வேண்டி வெட்டுவது என்று தெரியாமல் கட்டிப் போட்டிருக்கிறேன்.

என் மூக்கும் கோணப்பல்லும் அப்படியே உனக்கு வந்ததென்று ஊரெல்லாம் பீற்றியவன் நான். இந்த நெஞ்சு ஒன்று மட்டும் உன் அம்மா மாதிரி இருக்கட்டும், நூறு வயசு இரு சாமி. டாக்டரைப் பார்க்கும்வரை கனம் தூக்காதே. படியேறும்போது நின்று ஏறு.

இப்படிக்கு
மேட்டில் வெறுங்கையோடு ஏறும் உன் அப்பா
அய்யனார், சித்தையன்கோட்டை