ஒன்ன அமுக்குனா மூனு

என்னங்க,

தைப்பிங்குக்கு அக்கா வீட்டுக்குப் போறேன், பொழுது சாய வந்திருவேன். சோறு குக்கர்ல இருக்கு. நெத்திலி சம்பால மூடி வெச்சிருக்கேன். பூனை வரும், ஜன்னலச் சாத்திடுங்க.

காத்தாடியப் பாத்தீங்களா? கையால தள்ளிவிட்டாத்தான் சுத்துமே, அதே காத்தாடிதான். உள்ள கட்டவிரல் அளவு கெப்பாசிட்டர் போயிருந்திச்சி, அவ்ளோதான். புந்தோங் கடையில வேற வாங்கி நானே கழட்டி மாட்டினேன். பட்டன அமுக்குனதும் முகத்துல காத்து அடிச்சிச்சி பாருங்க, சும்மாவே ஏழெட்டு தடவ அமுக்கி அமுக்கிப் பாத்தேன்லா.

பதினோரு மணிக்குப் பழைய சாமான் லாரிக்காரர் இத எடுக்க வருவாரு. நீங்கதானே வரச் சொன்னீங்க. குடுத்துறாதீங்க. வெறுங்கையோடயும் அனுப்பாதீங்க, பழைய பேப்பர் கட்டி வாசல்ல வெச்சிருக்கேன்.

இன்னொன்னு. ஒயர மாத்திக் குடுத்துட்டேன் போல. வேகமா சுத்தணும்னா ஒன்ன அமுக்குங்க, மெதுவான்னா மூன. சிரிக்காதீங்க.

உங்க பொண்டாட்டி தினேஸ்

இடம் பத்தல, ஓரத்துல எழுதுறேன். அன்னைக்கு இத எடுக்க வரச் சொன்னப்ப லாரிக்காரர்கிட்ட "பினி சாயா மானா தாஹு"ன்னு சிரிச்சீங்க. என் பொண்டாட்டிக்கு என்னா தெரியும்னு தமிழ்ல சொல்லியிருந்தா நம்மளோட போயிருக்கும். மலாய்ல சொன்னதால எதிர் வீட்டு சீன ஆண்ட்டிக்கும் புரிஞ்சி, அவங்களும் சிரிச்சாங்க. இன்னைக்கு "பினி சாயா சுடா ரிப்பேர்", என் பொண்டாட்டியே ரிப்பேர் பண்ணிட்டான்னு சொல்லி அனுப்புங்க. அதே மலாய்ல, அதே சத்தத்துல. ஆண்ட்டி வாசல்லதான் உக்காந்திருப்பாங்க.