வாழையடிக் குளியல் யாருடைய ஏற்பாடு?

பிரியமுள்ள அத்தானுக்கு,

இந்த வருஷச் சாரல் முடிந்துவிட்டது. நீங்கள் இல்லாமல் நம் குற்றால வீட்டைத் திறந்த முதல் சீசன் இது. சுரண்டையிலிருந்தும் ஆலங்குளத்திலிருந்தும் உங்கள் சொந்தங்கள் வழக்கம்போல மூட்டை முடிச்சுகளோடு வந்து இறங்கினார்கள். உங்கள் தங்கை, என் மனைவி கோமதி ஒவ்வொருவரையும் பார்த்து ஒரு பாட்டம் அழுதாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு உலை வைக்கப் போனாள்.

ஒரு விஷயத்தை நேராகவே சொல்லிவிடுகிறேன். இந்த வருஷம் நான் ஆசைப்பட்டது ஒன்றே ஒன்று. வீட்டுச் சலதாரை அடைக்காமல் சீசன் முடிய வேண்டும். அதைச் செய்தவர் என் புருஷன் என்று கோமதி தன் வாயால் சொல்ல வேண்டும். கல்யாணமான நாளிலிருந்து ‘எங்க அண்ணன், எங்க அண்ணன்’ என்று கேட்டுக் கேட்டு என் காது புளித்துவிட்டது. நீங்கள் இருந்தவரை அது பொறுத்துக்கொள்ளக்கூடிய பொறாமை. எதிரில் இருக்கிற ஆளோடு போட்டி போடலாம். போன தை மாதம் போய்ச் சேர்ந்துவிட்ட ஆளோடு எப்படிப் போட்டி போடுவது?

அந்தச் சலதாரையின் குணம் உங்களுக்குத் தெரியும். இதைப் பத்திரிகையில் படிக்கிறவர்களுக்குத் தெரியாது. குளிக்கும் அறைத் தண்ணீர் கல் பாவிய தரைக்கு அடியில் ஓடி, ஓர் இரும்புக் குழாய் வழியே சுவருக்கு வெளியே விழுகிறது. சீசனில் வீடு நிறைய ஆள். எல்லோர் தலையிலும் எண்ணெய். அருவியில் குளித்தால் எண்ணெய் அருவியோடு போய்விடும். வெள்ளம் வந்து, யாரும் இறங்கக் கூடாது என்று தடுத்துவிட்டால்தான் வினை. எண்ணெய்த் தலையோடு வீட்டுக்கு வந்து, வடித்த கஞ்சியில் சீயக்காய்த் தூளைக் குழைத்துத் தேய்த்துக் குளிப்பார்கள். எண்ணெயும் கஞ்சியும் சீயக்காயும் சாரல் குளிரில் குழாய்க்குள் இறுகினால், கொத்தனார் பூசிய பூச்சு மாதிரி நிற்கும். குத்தி எடுக்கப் போய்க் குழாய் உடைந்தால், மாற்றுக் குழாய்க்கு எங்கே போவது? இரும்பெல்லாம் யுத்தத்துக்குப் போய்விட்டது. தென்காசிக் கடைகளில் கேட்டுப் பார்த்தேன், சிரிக்கிறார்கள்.

ஆகவே வைகாசிக் கடைசியிலேயே கல்மூடிகளைத் திறந்து வண்டலை அள்ள வைத்தேன். குழாய் வாயில் கம்பி வலை கட்டினேன். பலாப்பழம் அரிந்த பிசுபிசுப்புக் கையை யாரும் அறையில் கழுவக் கூடாது என்று சொல்லி வைத்தேன். கோமதி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு நின்றாள்.

“அண்ணன்னா இதெல்லாம் பாடிக்கிட்டே செய்வாவ” என்றாள்.

அத்தான், தென்காசிக் கோர்ட்டிலும் ரயிலடியிலும் நின்று செய்தி சேகரித்தே தலை நரைத்தவன் நான். நடந்ததை நடந்தபடி சொல்வதுதான் என் பிழைப்பு. உங்கள் காலத்தில் சலதாரை அடைக்காத சீசனே கிடையாது. அடைத்ததும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மூங்கில் கழியோடு நீங்கள் இறங்குவீர்கள். வீடே கூடி நிற்கும். உள்ளேயிருந்து ஒரு கொத்து முடியை எடுத்துத் தூக்கிக் காட்டுவீர்கள். “ஏட்டி கோமதி, இது நம்ம சுரண்டைச் சித்தப்பா முடிதான். இதைத்தான் மனுஷன் தலையில காணோம்னு தேடுதாரு!” சித்தப்பா உட்பட எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள். இப்போது அடைப்பு யாருக்கும் ஞாபகம் இல்லை, சிரிப்பு மட்டும் இருக்கிறது. இது எந்த ஊர் நியாயம்?

ஆடி பிறந்ததும் அருவியில் வெள்ளம் வந்தது. சுரண்டைச் சித்தப்பா தலைமையில் ஒரு கூட்டமே எண்ணெய் சொட்டச் சொட்டத் திரும்பி வந்தது. நான் குளிக்கும் அறை வாசலை மறித்துக்கொண்டு நின்றேன்.

“எண்ணெய்த் தலையோட உள்ள யாரும் குளிக்கக் கூடாது. குழாய் அடைச்சுக்கிடும்.”

“என்ன மாப்ளே சொல்லுதீரு?” என்றார் சித்தப்பா. “ஆளைக் குத்தாலத்துக்கு வரவழைச்சுக் குளிக்காதேன்னு சொன்ன மொத ஆளு நீருதான்! அடைச்சா எடுத்துக்கிட்டாப் போவுது. எங்க பெரியவன், உம்ம அத்தான், இருந்த வரைக்கும் இப்படி வாசல்ல காவல் நின்னானா?”

அடுக்களையிலிருந்து வந்த கோமதி, “அண்ணன் இருந்தா…” என்று ஆரம்பித்து, முடிக்க முடியாமல் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

கொல்லையில் வாழைமரங்களுக்கு நடுவே இரண்டு பலகைகளைப் போட்டேன். வெந்நீர் அண்டாவைத் தூக்கிக்கொண்டு போய் வைத்தேன். பெண்களுக்குச் சேலையால் ஒரு மறைப்பும் கட்டினேன். “இங்கன வந்து குளிங்க. தண்ணி வாழைக்குப் போவட்டும்” என்றேன். சித்தப்பா முணுமுணுத்துக்கொண்டேதான் முதலில் போனார். தலையில் வெந்நீர், முதுகில் சாரல். மனிதர் பலகைமேல் குதித்துக் குதித்துக் கூச்சல் போட்டார். அதைக் கேட்டு, குளித்து முடித்தவர்கள்கூட மறுபடி குளிக்க வந்தார்கள். சலதாரையில் தண்ணீர் கண்ணாடியாக ஓடிக்கொண்டிருந்தது.

மறுநாள் காலை காப்பித் தம்ளரோடு நான் அந்த ஒரு சொல்லுக்காகக் காத்திருந்தேன். கோமதி சித்தப்பாவிடம் சொன்னாள்: “இன்னைக்கும் வாழையடிதான் சித்தப்பா. அண்ணன் எப்பவும் அங்கனதான குளிக்க வைப்பாவ, மறந்துட்டியளா?”

“மறப்பனா? அவனே பலகை போட்டு, அவனே முதுகும் தேச்சு விடுவானே!” என்றார் சித்தப்பா, கண் கலங்க.

நான் தம்ளரைக் கீழே வைத்தேன். அத்தான், அந்தக் கொல்லையில் நான் வாழைக்கன்று வைத்ததே உங்கள் பதினாறாம் நாள் காரியம் முடிந்த பிறகுதானே? இல்லாத வாழைக்கு அடியில் யார் முதுகை நீங்கள் தேய்த்தீர்கள்?

அடுக்களைக்குள் போய்க் கோமதியிடம் கேட்டேன். அவள் அடுப்பை ஊதிக்கொண்டே சொன்னாள்: “அண்ணன் ஏற்பாடுன்னு சொன்னாத்தான் சித்தப்பா கேப்பாவ. நீங்க சொன்னதுன்னா நாளைக்கே அறைக்குள்ள போயித் தலை முழுகுவாவ. உங்களுக்குச் சலதாரை அடைக்கக் கூடாது, அவ்வளவுதான?”

அவ்வளவுதானா?

சீசன் முடிந்தது. சலதாரை ஒருநாள்கூட அடைக்கவில்லை. வண்டி ஏறும்போது சித்தப்பா என் கையைப் பிடித்துக்கொண்டு, “பெரியவன் போட்ட ஒழுங்கை விட்டுராதீரும், மாப்ளே” என்று சொல்லிவிட்டுப் போனார்.

விடமாட்டேன் அத்தான், இது சத்தியம். வருகிற வைகாசியிலும் கல்மூடிகளைத் திறப்பேன். வாழையடியில் பலகை போட்டு, பெரியவர் கட்டளை என்று நானே சத்தமாகச் சொல்வேன். வீட்டுக்குள் உங்கள் பெயர் நிற்கட்டும். அச்சில் மட்டும் ஒரு திருத்தம் இருந்துவிட்டுப் போகட்டும்: அது என் ஏற்பாடு.

இப்படிக்கு,
உயிரோடு இருக்கிற ஒரே குற்றத்தால் சொல் எடுபடாத,
உங்கள் தங்கை கோமதியின் வீட்டுக்காரன்.