நெத்திலிப் பாயும் நாலாம் வரிசையும்

15-6-1973, வெள்ளி

காலை ஒன்பதிலிருந்து பதினொன்று வரை பெயிண்ட் பார்த்தேன். அதுதான் என் உத்தியோகம்.

கடற்கரைச் சாலையில் கம்பெனி குடோன். அதன் மொட்டை மாடியில் தெற்குப் பார்த்து லேசாகச் சாய்த்த ஓர் இரும்புச் சட்டம். நாலு வரிசை, வரிசைக்கு ஐந்து பலகை: சிமெண்ட், பழைய சுண்ணாம்புக் காரை, இரும்பு, தகரம், கடைசியில் தேக்கு. வரிசைக்கு ஒரு பெயிண்ட். எல்லாம் ஒரே நீலம். எது என்ன பெயிண்ட் என்பது மெட்ராஸ் ஹெட் ஆபீஸுக்குத்தான் தெரியும். எனக்கு வெறும் ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. உப்புக் காற்றிலும் வெயிலிலும் எது தாங்குகிறது என்று ஒரு வருஷம் பார்க்க வேண்டும். ஒன்றாம் தேதியும் பதினைந்தாம் தேதியும் மேலே ஏறி, கறுப்புத் துணியால் துடைத்து, பொடி ஒட்டுகிறதா, கொப்புளம் எத்தனை, உரிகிறதா என்று மெட்ராஸுக்கு அனுப்புகிற பாரத்தில் எழுதுகிறேன். மற்ற நாட்களில் கீழே உட்கார்ந்து டப்பாக்களுக்கு ஸ்டாக் எழுதுகிறேன்.

வாட்ச்மேன் பொன்னுதுரை அண்ணாச்சி இன்றும் கேட்டார்: “பெயிண்டு ஓடிப் போயிரும்னு காவலா? அதுக்கு நான் ஒருத்தன் பத்தாதா?” பதில் யோசித்து முடிப்பதற்குள் அவர் டீ குடிக்கப் போய்விட்டார். எனக்கு எப்போதும் பதில் அரைமணி நேரம் கழித்துத்தான் வரும்.

தங்கியிருப்பது ஜெபகனி சித்தி வீட்டில். சித்தி தெருவில் என்னைப் ‘பெயிண்டு இன்ஸ்பெக்டர்’ என்று சொல்லி வைத்திருக்கிறாள். நாசரேத்தில் அப்பா இன்னும் ஒரு படி மேலே: ‘விஞ்ஞானி.’ பள்ளிக்கூடத்தில் மணி அடிக்கிற பியூனின் மகள் பி.எஸ்ஸி. முடித்தால் அவருக்கு அதற்குக் குறைந்து சொல்ல வாய் வரவில்லை. மார்ச் முடிவில் வேலை நிரந்தரம் ஆகவேண்டும். ஆகாவிட்டால் ஸ்ரீவைகுண்டத்து மாப்பிள்ளை. அவர் ஆறு வருஷமாக பி.யு.சி. எழுதிக்கொண்டிருக்கிறார். விடாமுயற்சியைக் குறை சொல்லக் கூடாது.

2-7-1973, திங்கள்

ஒன்றாம் தேதி ஞாயிறு என்பதால் சனிக்கிழமையே மேலே ஏறி, அங்கே விட்டு வந்த குடையை எடுக்கப் போனேன். நாலாம் வரிசையைக் காணோம். அதன் மேல் ஓலைப்பாய். பாய் முழுக்க நெத்திலி.

பக்கத்து வீட்டு மாடியிலிருந்து அமலோற்பவம் அக்கா கைப்பிடிச் சுவரைத் தாண்டி வந்தாள். கருவாடு விற்கிறவள். மீன் வழுக்காமல் இருக்கப் பாயின் கீழ் ஓரத்தில் சவுக்குக் கம்பு வேறு கட்டியிருக்கிறாள்.

“நல்ல பந்தலாப் போட்டிருக்கியளா. அடியிலயும் காத்து வருது, நாயும் ஏறாது. எங்க மச்சுல பூனைத் தொல்லை.”

எப்போதிலிருந்து என்று கேட்டேன். கேட்டேனா, இல்லை முகம் கேட்டதா, தெரியவில்லை.

“சித்திரையிலேருந்து. நீ வார அன்னைக்கு மட்டும் எடுத்துருவேன். படிச்ச புள்ள வேலையைக் கெடுக்கப்படாதுல்லா.”

இது ஆராய்ச்சிப் பலகை, வெயில் படத்தான் வைத்திருக்கிறோம், பாயை எடுங்கள் — இதைச் சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் அவள் ஒரு பொட்டலம் நெத்திலியைக் கையில் வைத்துவிட்டாள்.

“சரிக்கா” என்றேன்.

3-7-1973

நெத்திலி நன்றாக இருந்தது.

1-8-1973

மேல் மூன்று வரிசையும் வெளுக்கத் தொடங்கிவிட்டன. துணியில் நீலப்பொடி. நாலாம் வரிசையில் துணி சுத்தம். கடைசித் தேக்குப் பலகை மட்டும் ஒரு மாதிரி. பாய் அதுவரை முழுதாக எட்டவில்லை. இடது பாதி பளபளப்பு, வலது பாதி வெளுப்பு, நடுவில் ஸ்கேல் வைத்துப் போட்டதுபோல் ஒரு கோடு. பாரத்தில் என்ன எழுத?

“பாதி நன்று” என்று எழுதினேன்.

பாரத்தில் வெயில், மழை, காற்று, பறவை எச்சம் என்று நாலு கட்டம் இருக்கிறது. மீனுக்குக் கட்டம் இல்லை.

15-9-1973

படியேறும்போது ஒத்திகை: “அக்கா, ஒரு விஷயம்.” மேலே போனதும் அவள் சொன்னாள், “என்னளா, இளைச்சுப் போயிருக்க?” இந்த முறை சாளைக் கருவாடு. ஒரு விஷயம் அப்படியே வயிற்றுக்குள் போய்விட்டது.

15-11-1973

பத்து நாளாக மழை. பாய் இல்லை, மீன் இல்லை. சித்தி “உன் சிநேகிதி செத்தாளா” என்று கேட்கிறாள்.

இன்று ஒன்று பார்த்தேன். சிமெண்ட் பலகை நாலும் பிசுபிசுத்துக் கிடக்கின்றன. விரலால் தொட்டால் சவுக்காரம்போல் வழுக்குகிறது. வழுக்காமல் என்ன செய்யும்? ஈரம் காயாத புதுச் சிமெண்ட். அதற்குள் இருக்கிற சுண்ணாம்பு பெயிண்டின் எண்ணெயோடு சேர்ந்தால் சவுக்காரம்தான். கல்லூரியில் இதற்கு ஒரு மதியம் முழுக்கக் கிளாஸ் எடுத்தார்கள், பாதிப் பேர் தூங்கினோம்.

ஆனால் நாலாம் வரிசைச் சிமெண்டும் அதே கதி. வெயில் முன்னால் வருகிறது, சுண்ணாம்பு பின்னால், பலகைக்குள்ளிருந்து வருகிறது. பாய் இருந்தது முன்னால்தான். முன்னால் வரும் கேட்டிலிருந்து நாலாம் நம்பர் தப்பியது, பின்னால் வந்ததிலிருந்து தப்பவில்லை. அப்படியென்றால் நாலாம் நம்பர் ஒரு சூரனும் இல்லை. நிழலில் படுத்துக் கிடந்திருக்கிறது, மேலுக்கு மீன் எண்ணெய் தேய்த்துக்கொண்டு. பெரிய வீட்டு மருமகன்போல.

இதை நான் ஒருத்திதான் அறிவேன். எழுதவில்லை. முதல் நாளே எழுதியிருந்தால் ஒரு வரி. இப்போது எழுதினால் ஏழு மாதம்.

21-1-1974, திங்கள்

மெட்ராஸ் கடிதம். ஜெயசிங் சார் கையெழுத்து. இந்தப் பலகைகளுக்கு அவர்தான் அதிகாரி. நாலாம் நம்பர் “மிகச் சிறப்பு” என்று முடிவாகிறதாம். வேம்பார் ரோட்டில் செல்வதுரை என்பவர் உப்பளத்துக்குப் புதுத் தகரத்தில் பன்னிரண்டு ஷெட் போடுகிறார். எல்லாவற்றுக்கும் நாலாம் நம்பரையே பேசி வைத்திருக்கிறார்கள். மார்ச் பதினாலு ஜெயசிங் சாரே வந்து பார்த்துச் சான்றிதழ் எழுதுவார். அன்றைக்கே என் நிரந்தர உத்தரவும்.

கடைசியில் ஒரு வரி: “தங்களுடைய கவனமான பதிவுகள் பாராட்டத்தக்கவை.”

கவனம். என்ன கவனம்? அவன் பன்னெண்டு ஷெட்டுக்கும் பூசி, அடுத்த கோடையில தோல் தோலா உரிஞ்சு விழும்போது யாரைக் கேப்பான்? ஒன்னு, ரெண்டு, மூணு நம்பர் தகரத்துல எப்படி நிக்குதுன்னு எனக்குத் தெரியும். பல்லி தோலுரிச்ச மாதிரி. நாலும் அதே பல்லிதான்.

அப்பாவுக்கு நிரந்தரம் ஆகப்போகிறதென்று எழுதினேன். அதையும் எழுதியிருக்க வேண்டாம்.

28-2-1974

நேற்று கத்தோலிக்கர்களுக்குச் சாம்பல் புதன். தபசுகாலம் முழுக்க அவர்கள் வீட்டில் கறி குறையும், அமலோற்பவம் அக்காவுக்கு யாவாரம் கூடும். பாய் இரண்டாகிவிட்டது. மூன்றாம் வரிசைக்கும் நல்ல காலம்.

அப்பா கடிதம். தலைமையாசிரியரிடம் சொல்லிவிட்டாராம். ஸ்ரீவைகுண்டத்துக்காரர்களிடம் “பிறகு பார்ப்போம்” என்று சொல்லிவிட்டாராம். மணி அடிக்கிற கையால் எழுதிய எழுத்து, ஒவ்வொன்றும் அழுத்தி.

13-3-1974, புதன்

ஒரு வழியாக அக்காவிடம் பாயைப் பற்றிப் பேசினேன். என்ன பேசினேன்? “நாளைக்கு ஒரு நாள் மட்டும் எடுத்துருங்கக்கா, மெட்ராஸ்லேருந்து சார் வாராரு.”

“இதுக்கா இப்படி வேர்க்கிற? துடைச்சே வச்சிருதேன்.”

எட்டு மாதமாகச் சேர்த்து வைத்த தைரியம் முழுவதும் இந்தத் திருட்டுக்குச் செலவாகிவிட்டது.

14-3-1974, வியாழன்

சித்தி தூங்கினபிறகு எழுதுகிறேன்.

ஜெயசிங் சார் பத்து மணிக்கு வந்தார். கறுப்புக் கண்ணாடி, பாளையங்கோட்டைப் பேச்சு, நல்ல மனுஷர். நாலாம் வரிசை முன் குனிந்தவர் முகர்ந்து பார்த்தார்.

“என்னம்மா, மீன் வாசம் அடிக்கி?”

“கடலுக்கு வேற என்ன வாசம் சார் வரும்” என்றார் பொன்னுதுரை அண்ணாச்சி. அவர் வீட்டுக்கும் பொட்டலம் போகிறது என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது.

தேக்குப் பலகைக்கு வந்தார். கோட்டைப் பார்த்தார். விரலை வைத்து மேலிருந்து கீழே இழுத்தார். “இது என்ன கோடு?”

அவரே சொன்னார்: “பாதியில பிரஷ்ஷை வச்சுட்டு டீக்குப் போயிருப்பான். மீதியைப் பிறகு பூசியிருப்பான். அப்படித்தானே?”

தலையாட்டினேன். ஆமாம், ஆட்டினேன். அதை இங்கே எழுதித்தான் ஆகவேண்டும்.

சட்டத்தின் மேல் அட்டையை வைத்து, பேனாவைத் திறந்தார். மை வரவில்லை. உதறினார். உதறுகிற அந்த நேரத்தில்தான், பக்கத்தில் யாரோ பேசுகிறார்கள் என்று நினைத்தேன். நான்தான்.

“சார், அதுக்கு மேல பாய் கிடந்துது.”

“என்ன பாய்?”

“மீன் காயப் போட்ட பாய். கோடு வரைக்கும்.”

“எத்தனை நாளா?”

“பதினோரு மாசமா. எனக்குத் தெரிஞ்சு எட்டு மாசம்.”

கண்ணாடியைக் கழற்றினார். கண் சின்னதாக இருந்தது. “ரிப்போர்ட்ல ஏன் எழுதல?”

“மீனுக்குக் கட்டம் இல்ல சார்.”

இதைக் கிண்டலாகச் சொல்லவில்லை, சத்தியமாக. அது ஒன்றுதான் வாயில் வந்தது. அண்ணாச்சி திரும்பிக் கடலைப் பார்க்கத் தொடங்கினார்.

பிறகு நிற்கவில்லை. சிமெண்ட் பலகையைக் காட்டினேன். முன்னால், பின்னால் என்றேன். வெயில், சுண்ணாம்பு என்றேன். நாலாம் நம்பர் தகரத்தின் ஒரு மூலையை நகத்தால் நெம்பினேன்; முழுசாகச் சுருண்டு வந்தது. பெயிண்ட் பிடிக்காத புதுத் தகரத்தில் எந்த நம்பரும் நிற்காது, ஒரு மழைக்காலம் வெறுமனே போட்டு மினுமினுப்புப் போனபிறகு, பிரைமர் அடித்துத்தான் பூச வேண்டும் என்றேன். என் வாழ்நாளில் ஒரே மூச்சில் இவ்வளவு பேசியதில்லை.

சுவருக்கு அந்தப் பக்கமிருந்து அமலோற்பவம் அக்கா தலையை நீட்டினாள். “சார், புள்ளையைத் திட்டாதிய. தப்பு எங்கிட்ட. ஒரு வார்த்தை சொல்லியிருந்தா எடுத்திருப்பேன்லா. இவ வாயைத் தொறந்தாத்தானே.”

“நீங்க சும்மா இருங்க” என்றார் அவர். பிறகு, “என்ன மீனு?”

“நெத்திலி சார். தரட்டா?”

அவர் கீழே இறங்கிப் போனார். பேனாவை மூடாமலே சட்டைப் பையில் வைத்திருந்தார். இறங்கும்போது பையின் அடியில் நீலம் படர்ந்துகொண்டிருந்தது. சொல்லவா வேண்டாமா என்று யோசித்தேன். இதையாவது சொல்லிவிடுவோம் என்று சொன்னேன்.

1-4-1974, திங்கள்

உத்தரவு வந்தது. இருபது பலகைப் பதிவும் ரத்து. புதுப் பலகைகள் வரும், முதலிலிருந்து ஒரு வருஷம். என்னுடைய தகுதிகாண் பருவமும் ரத்து. பலகைகளோடு சேர்த்து எனக்கும் முதலிலிருந்து ஒரு வருஷம். காரணம்: “தகவலை மறைத்தமை.” அதற்குக் கீழே வேறு மையில்: “பின்னர் தெரிவித்தமை.”

அப்பாவுக்கு உள்ளதை உள்ளபடி எழுதினேன். நிரந்தரம் இல்லை, பொய் எழுதினேன், பிறகு சொன்னேன்.

9-4-1974

அப்பா பதில், தபால் அட்டையில், போஸ்ட்மேனும் படிக்கிறாற்போல்: “மணியை முன்னப்பின்ன அடிச்சா நானும் எச்.எம். கிட்ட நிப்பேன். ஸ்ரீவைகுண்டத்துக்காரங்க வந்தாங்க. பையன் இந்த வருஷமும் பரீட்சை எழுதட்டும்னு சொல்லிட்டேன். உடம்பைப் பாத்துக்கோ.”

மூன்று முறை படித்தேன். சித்தி நான்கு முறை.

10-6-1974, திங்கள்

செல்வதுரையிடம் நேரில் போய்ச் சொல்லிவரும்படி ஜெயசிங் சார் எழுதியிருந்தார். “பார்த்தவர்தான் சொல்ல வேண்டும்” என்று ஒரு வரி. தண்டனையா மரியாதையா என்று பஸ் முழுக்க யோசித்தேன். வேம்பார் பஸ்ஸில் ஜன்னல் பக்கம் கிடைத்தது, அதனால் மரியாதை என்று வைத்துக்கொண்டேன்.

உப்பளத்து ஆபீஸில் செல்வதுரை, அவருக்கு எதிரே நோட்டோடு ஒரு கணக்கப்பிள்ளை. வெளியே பன்னிரண்டு ஷெட், புதுத் தகரம், கண்ணைத் திறக்க முடியவில்லை.

“இப்பம் பூச வேண்டாம்” என்றேன். “ஐப்பசி கார்த்திகை மழை அதுமேல விழட்டும். தையில பிரைமர் அடிச்சுட்டுப் பூசுங்க. ஆபீஸ் சுவரும் புதுச் சிமெண்டு, அதையும் காயவிடுங்க.”

“பெயிண்டு விக்கிறவனே பூசாதேங்கான். இதை இன்னைக்குத்தான் கேக்கேன்.” சிரிக்கவில்லை. “இப்பமே பூசினா?”

“உரிஞ்சு விழும்.”

“யாரு சொன்னா?”

“பார்த்தேன்.”

வெளியே போய் ஒரு தகரத்தை உள்ளங்கையால் தடவிவிட்டுத் திரும்பி வந்தார். “எழுதிக்கிடும் வே, தையில.” கணக்கப்பிள்ளை எழுதினார். பிறகு பேனாவோடு நிமிர்ந்தார். “சொன்னவங்க பேரு? மேனேஜர் பேரு போடட்டா?”

“சொன்னது இந்தப் புள்ள. அது பேரையே போடும்.”

ஞானதீபம் என்றேன். எழுதினார். பி.எஸ்ஸி. போடணுமா என்று கேட்டார்.

போடுங்கள் என்றேன்.